ஜிஆர் யாரிஸ்: மணிக்கு 90 கிலோமீட்டர் வரம்புள்ள ஊரில் இந்தக் கார் எதற்கு?

மூன்றாம்கியர் எழுதியது:

வேறோர் இழையில் நண்பர் ஒருவர், "சிங்கப்பூரில் யாரிஸ் வாங்க இரண்டு லட்சம் வெள்ளி கொடுப்பவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அது மடிக்கணினி வாங்குவது பற்றிய இழை; அங்கே சண்டை போடுவது முறையன்று. அதனால் இது தனி இழை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டாவின் ஜிஆர் யாரிஸ் பெயரளவில்தான் யாரிஸ். வெளிப்பாகங்களில் முன்விளக்கு, பின்விளக்கு, பக்கக் கண்ணாடிகள், கூரைமேல் இருக்கும் ஆன்டெனா ஆகியவற்றை மட்டுமே அது சாதாரண யாரிஸோடு பகிர்ந்துகொள்கிறது. அடித்தளத்தின் முன்பாதி யாரிஸ் வகையைச் சேர்ந்தது, பின்பாதி கொரோலா வகையைச் சேர்ந்தது. இரண்டையும் நடுவில் இணைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரே கதவு கொண்ட இந்த உடல் இந்தத் தலைமுறையின் வேறெந்த யாரிஸிலும் கிடையாது. கூரை கார்பன் இழைக் கலவை. பானெட், கதவுகள், பின்கதவு எல்லாம் அலுமினியம். அந்தச் சின்ன மூக்குக்குள் 1,618 சிசி டர்போ எஞ்சின், மூன்றே சிலிண்டர். 2020ல் ஜப்பானில் வந்தபோது 272 குதிரைத்திறன். 2024ல் அதை 304 ஆக உயர்த்தினார்கள். எடை ஏறத்தாழ 1,280 கிலோதான். நான்கு சக்கரமும் இழுக்கும்.

இப்படி ஒரு காரை எந்தக் கணக்காளரும் அனுமதிக்க மாட்டார். ராலி பந்தயத்துக்கு அடிப்படையாக ஒரு கார் வேண்டும் என்று டொயோட்டா இதை வடிவமைத்தது. பின்கூரை தாழ்ந்திருப்பதும் அதற்காகத்தான்: பந்தயக் காரின் பின்இறக்கைக்குக் காற்று தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 2021ல் ஓடவேண்டிய அந்தப் பந்தயக் காரைத் தொற்றுக்காலத்தில் கைவிட்டுவிட்டார்கள். தாய் வந்துவிட்டாள், பிள்ளை பிறக்கவில்லை. நம் கையில் கிடைத்தது தாய்.

என்னிடம் இருப்பது 2021ஆம் ஆண்டுக் கார். நான் இரண்டாவது உரிமையாளர். வேகமாக ஓட்டத்தான் வாங்கினேன் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தக் காரின் சுகம் ஐம்பதிலும் அறுபதிலும் இருக்கிறது. சவுத் புவன விஸ்தா சாலையில் கெண்ட் ரிட்ஜ் மேட்டிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு முன் இரண்டாம் கியருக்கு மாற்றி, ஸ்டீயரிங்கைத் திருப்பி, வளைவின் நடுவிலேயே மெல்ல ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். மூக்கு வெளியே ஓடாது. பின்னாலிருந்து ஒரு தள்ளல் வரும், கார் முழுதும் சேர்ந்து திரும்பும். வேகமானியைப் பார்த்தால் வரம்புக்குள்தான் இருப்பீர்கள். 600 குதிரைத்திறன் இத்தாலியக் காரில் இதே சாலையில் இறங்குபவருக்கு என்ன கிடைக்கிறது? வயிற்றெரிச்சல்தான். அவருடைய எஞ்சின் விழிப்பதற்குள் போக்குவரத்து விளக்கு வந்துவிடும்.

இதுதான் என் வாதம்: வேக வரம்பு இறுக்கமாக இருக்கும் ஊருக்குத்தான் இப்படிப்பட்ட சின்னக் கார் சரி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வந்துவிட்டேன். அந்த மருத்துவர் வசனத்துக்குச் சொந்தக்காரன் நான்தான்.

மூன்றாம்கியர் அண்ணே, சுகத்தைப் பற்றி எழுதினீர்கள், விலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் எழுதுகிறேன். ஒரு காரின் திறந்தசந்தை மதிப்பு, அதாவது சுங்கத்துறை கணிக்கும் இறக்குமதி மதிப்பு, 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் எடுத்துக்காட்டு. சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, 8,000. அந்த 48,000க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 4,320. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000க்கு நூற்று நாற்பது, ஆக 48,000. இதுவரை 100,320 வெள்ளி. இன்னும் சிஓஇ, அதாவது ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ், வரவில்லை, வாகனப் புகைக்கான கூடுதல் கட்டணம் வரவில்லை, விற்பவரின் இலாபமும் வரவில்லை.

சிஓஇ எந்தப் பிரிவில்? ஏ பிரிவுக்குள் வர 1,600 சிசிக்கு மேல் போகக்கூடாது, 97 கிலோவாட்டையும் தாண்டக்கூடாது. உங்கள் கார் 18 சிசியால் ஒரு விதியில் தோற்கிறது, குதிரைத்திறனால் இன்னொன்றில் படுதோல்வி. ஆகவே பி பிரிவு. 2023 அக்டோபரில் பி பிரிவுச் சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது நினைவிருக்கிறதா? பத்தாண்டுகள் சாலையில் ஓட்டுவதற்கான ஒரு காகிதத்துக்கு அந்த விலை. அந்த ஏலத்தில் வென்றவர், டயர் கூடத் தொடாமல் ஆண்டுக்கு 15,000 வெள்ளி இழக்கிறார்.

பத்தாண்டு முடிவதற்குள் காரைக் கழித்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்ப வரும் என்பார்கள். அதற்கும் 2023ல் 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தார்கள். நீங்கள் சொன்ன அந்தப் "பின்னாலிருந்து வரும் தள்ளல்" எனக்கும் கிடைக்கிறது, பஸ்ஸில் ஏறும்போது.

பழையஎஃப்டி2 எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வதில் ஒரு இடத்திலும் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் கொரோலாவும் தப்பாது. இங்கே எந்தக் காரும் முட்டாள்தனம்தான். முட்டாள்தனம் என்று ஆன பிறகு நல்லதாகப் பார்த்துச் செய்வதே அறிவு.

என் மறுப்பு வேறு. மூன்றாம்கியர் தம்பி, நல்ல ஹேட்ச்பேக் வேண்டுமென்றால் ஹோண்டாவின் இன்றைய சிவிக் டைப்-ஆர், எஃப்எல்5, இருக்க, மூன்று சிலிண்டருக்கு எதற்கு இவ்வளவு பாராட்டு? ஈராயிரம் சிசி, நான்கு சிலிண்டர், ஜப்பானியப் பதிப்பில் 330 குதிரைத்திறன், ஆறு கியர், கையால் மாற்றுவது மட்டும்தான். முன்சக்கரம்தான் இழுக்கிறது, ஆனாலும் 2023ல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயத்தடத்தின் 20.832 கிலோமீட்டரை 7 நிமிடம் 44.881 விநாடியில் முடித்தது. பின்னால் இரண்டு பெரியவர்கள் முழங்கால் இடிக்காமல் உட்காரலாம். பின்கதவைத் திறந்தால் தீபாவளிக்குத் தேக்காவில் வாங்கியதெல்லாம் உள்ளே போகும்.

நான் இன்னும் பழைய டைப்-ஆரான 2008 எஃப்டி2 செடானைத்தான் வைத்திருக்கிறேன், சான்றிதழைப் புதுப்பித்து. ஹேட்ச்பேக் அன்று, தெரியும். 225 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில். டர்போ இல்லை. மதியம் ஒரு மணி வெயிலில் பார்ட்லி சாலையில் நெரிசலில் நிற்கும்போது அதன் சஸ்பென்ஷன் என் முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும். இருந்தாலும் விற்க மாட்டேன். எஃப்எல்5 அதன் பேத்தி. பேத்திக்கு நாகரிகம் வந்துவிட்டது, குணம் போகவில்லை. கியர் கம்பியின் உலோகக் குமிழ் ஒன்று போதும். அதைப் பிடித்து இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது வரும் 'டக்' இருக்கிறதே, அதை யாரிஸில் எதிர்பார்க்காதீர்கள்.

காக்கிபுக்கிட் பட்டறை எழுதியது:

இரண்டு வண்டிகளும் என் லிஃப்டில் ஏறியவை. மூன்று சிலிண்டர் ஏன் என்று அண்ணன் கேட்டதால் எழுதுகிறேன்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுழல்தண்டு 180 பாகை திரும்பும்தோறும் ஒரு சிலிண்டரில் வெடிப்பு நடக்கும். ஆனால் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கும். ஆகவே ஒன்று மூடுவதற்குள் அடுத்தது திறந்துவிடும். ஒரே வாசலில் இருவர் ஒரே நேரத்தில் வெளியேற முயன்றால் என்ன ஆகும்? தோள் இடிக்கும், இருவரும் தாமதமாவார்கள். வெளியேறும் வாயு ஒன்றையொன்று இப்படித் தடுக்கும்போது டர்போவைச் சுழற்றும் விசை வீணாகிறது. அதனால்தான் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் டர்போவின் பாதையை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். மூன்று சிலிண்டரில் 240 பாகைக்கு ஒருமுறைதான் வெடிப்பு. ஒருவர் போன பிறகே அடுத்தவர் வருகிறார். ஒரே பாதை கொண்ட எளிய டர்போ போதும், எடை குறையும், விரைவில் காற்று ஏறும். உராய்வும் குறைவு. மூன்று சிலிண்டர் என்றால் சிக்கனக் கார் என்ற எண்ணம் இங்கே பலருக்கு. இது காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலையன்று.

1,618 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. ராலி2 வகுப்பில் எஞ்சின் 1,620 சிசிக்கு மேல் போகக்கூடாது. விதியின் விளிம்புவரை போய் நின்றிருக்கிறார்கள். 2024ல் மான்டி கார்லோ ராலியில் இந்தக் காரின் ராலி2 வடிவம் இறங்கியது. ஆகவே மூன்றாம்கியர் தம்பி, பிள்ளை பிறக்கவில்லை என்று வருந்த வேண்டாம். கொஞ்சம் தாமதமாகப் பிறந்தது, அவ்வளவுதான்.

பின்சக்கரத்துக்கு விசை போகும் விதமும் கெட்டிக்காரத்தனம். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபெரன்ஷியல் நடுவில் கிடையாது. பின்னால் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச், மின்னணுக் கட்டுப்பாட்டில். பின்அச்சு முன்அச்சைவிட ஒரு துளி வேகமாகச் சுழலும்படி பல்விகிதத்தை அமைத்திருக்கிறார்கள். கிளட்சை இறுக்கினால் பின்னால் அதிக விசை, தளர்த்தினால் முன்னால். 2020 வண்டியில் முன்பின் பங்கு சாதாரண நிலையில் 60:40, ஸ்போர்ட்டில் 30:70, டிராக்கில் 50:50. கைப்பிரேக்கை இழுத்தால் பின்அச்சு தானே விடுபடும். ராலி ஓட்டுநர்களுக்காகச் செய்தது. பல மாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் சோதித்துப் பார்க்க அன்று. நான் யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

பத்தாவது மாடி எழுதியது:

ஐயாமார்களே, நான் கார் பிரியர் அல்லன். மகன் இந்த இழையைக் காட்டினான்.

எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்கின் கார்நிறுத்துமிடத்தில் இதே வகைக் கார் ஒன்று இருக்கிறது. காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறது. கிளம்பட்டும், வேலைக்குப் போகிறவர். ஆனால் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் அப்படியே நிற்கிறது. சுவர்கள் எல்லாம் எதிரொலிக்கின்றன. என் மனைவி இரவுப்பணித் தாதி; அப்போதுதான் வந்து கண்ணயர்வாள். உங்கள் கார்பன் கூரைக்கு என் வாழ்த்துகள். அந்த நிமிடங்களுக்கு என்ன விளக்கம்?

மூன்றாம்கியர் எழுதியது:

ஐயா, வணக்கம். அது என் கார் இல்லை, நான் தெம்பனிஸில் இருக்கிறேன். ஆனாலும் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

குளிர்ந்த எஞ்சின் முதலில் உயர்ந்த சுழற்சியில் ஓடும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி விரைவில் சூடேற வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், அரை நிமிடம், முக்கால் நிமிடம். அதற்குமேல் நிறுத்தி வைத்திருக்க எந்த அவசியமும் இல்லை. இக்காலத்து எஞ்சினை நின்றபடி சூடாக்க வேண்டியதே இல்லை. மெல்ல ஓட்டிச் சென்றால் அதுவே சூடேறும். அவர் வெளி எக்ஸாஸ்ட் பொருத்தியிருந்தால் அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு ஏற்ற சான்று இருக்க வேண்டும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவருடைய வைப்பரில் செருகிப் பாருங்கள். எங்களைப் போன்ற ஆட்களுக்குக் காரின்மேல் யார் கை வைத்தாலும் உடனே தெரிந்துவிடும், கட்டாயம் படிப்பார்.

அண்ணே, எஃப்எல்5 நல்ல கார், மறுக்கவில்லை. கியர் விஷயத்தில் நீங்கள் சொல்வதும் சரி. ஆனால் அது வளர்ந்துவிட்டது. 1997ல் வந்த முதல் சிவிக் டைப்-ஆர், ஈகே9, 1.6 லிட்டரில் 185 குதிரைத்திறன் கொண்ட சின்னக் கார். எஃப்எல்5 265 அகல டயரோடு நிற்கிறது. நம் கார்நிறுத்துமிடத்து வளைவுப் பாதையில் அந்தப் பத்தொன்பது அங்குலச் சக்கரத்தை உரசாமல் ஏற்றுவதே ஒரு தவம். ஈகே9இன் இடத்தில் இன்று நிற்பது யாரிஸ்தான், பெயர்ப்பலகை மாறியிருக்கிறது.

செங்காங் ரேவதி எழுதியது:

2024 மாடல், எட்டு கியர் தானியங்கி ஓட்டுகிறேன். இந்த இழையில் கியர் கம்பிக்குப் பூசை நடப்பதால் ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

கார் பார்க்கப் போன இடத்தில் விற்பனையாளர் முழுநேரமும் என் கணவரைப் பார்த்தே பேசினார். கணவருக்கு ஓட்டுநர் உரிமமே கிடையாது. சோதனை ஓட்டத்துக்கு நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும்தான் விற்பனையாளருக்கு விளங்கியது.

தானியங்கி என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு: இந்தக் கியர்பெட்டியைப் பந்தயங்களில் ஓடவிட்டே செம்மைப்படுத்தினார்கள். பிரேக்கை எவ்வளவு வேகமாக மிதிக்கிறேன், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எப்படி எடுக்கிறேன் என்பதை வைத்து, வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுகிறது. காலை எட்டு மணி மத்திய விரைவுச்சாலையில் ஊர்ந்துகொண்டே போகும்போது இடது கால் சும்மா இருக்கிறது. அந்தச் சாலையில் நாள்தோறும் கிளட்ச் மிதிப்பவர்கள் என்னிடம் வீரம் பேச வேண்டாம்.

பழைய மாடலை வைத்திருப்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் இருக்கை உயரம். திரையும் உள்கண்ணாடியும் சேர்ந்து இடதுபக்க முன்பார்வையை மறைக்கும். தோழி ஒருத்தியின் 2021 காரை ஓட்டிப் பார்த்தேன். இடதுபக்கம் வளையும்போது சாலை கடக்க நிற்பவர் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் காணாமல் போய்விடுகிறார்; தலையைத் தாழ்த்தித் தேட வேண்டியிருந்தது. 2024ல் இருக்கையை 25 மில்லிமீட்டர் இறக்கி, கண்ணாடியை மேலேற்றி, கருவிப் பலகையை ஓட்டுநர் பக்கம் 15 பாகை திருப்பிவிட்டார்கள். அழகு போய்விட்டது, பெரிய லாரியின் பலகை போல இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு ஆள் தெரிந்தால் போதும்.

குறையும் சொல்கிறேன். பின்பெட்டி 174 லிட்டர். பேட்டரியும் அங்கேதான் குடியிருக்கிறது. குழந்தையின் தள்ளுவண்டி போகாது. பின்இருக்கையைச் சாய்த்தால் போகும், சாய்த்தால் குழந்தை எங்கே உட்காரும்? மாமியார் ஒருமுறை பின்னால் ஏறினார். ஏறியது ஒரு கதை, இறங்கியது இன்னொரு கதை. இப்போது கோவிலுக்கு என்றால் அவரே டாக்சி அழைத்துவிடுகிறார்.

கோல்ஃப்பித்தன் எழுதியது:

தள்ளுவண்டி, மாமியார், கோவில் ஆகிய மூன்றுக்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. இந்த வகைக் காருக்கே இலக்கணம் எழுதியது அதுதான். 1975ல் பிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கி இலட்சக்கணக்கில் விற்றார்கள். கட்டம்போட்ட இருக்கைத் துணியையும் கோல்ஃப் பந்து வடிவக் கியர்க் குமிழையும் வடிவமைத்தவர் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற பெண்மணி. ரேவதி அக்கா, அந்த விற்பனையாளரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

எட்டாம் தலைமுறை 2020ல் வந்தபோது 245 குதிரைத்திறன். யாரிஸிடம் விளக்குத் தாண்டும் போட்டியில் தோற்கும். ஆனால் திங்கட்கிழமை காலையில் தோற்காது.

பழையஎஃப்டி2 எழுதியது:

எட்டாம் தலைமுறை வந்தபோது ஒலி அளவையும் குளிர்சாதனத்தையும் மாற்ற, இருட்டினால் கண்ணுக்கே தெரியாத ஒரு தொடுபட்டையைத் தடவ வேண்டியிருந்தது. இலக்கணம் எழுதியவர்கள் எழுத்தை மறந்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாரும் கார்களைப் புகழ்ந்தாயிற்று. என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இந்தத் தீவில் இவற்றை எங்கே ஓட்டுகிறீர்கள்? விரைவுச்சாலையில் உச்சம் 90. நிரந்தரப் பந்தயத்தடம் கிடையாது; சாங்கியில் கட்டப்போவதாகச் சொன்னதும் கைவிடப்பட்டது. மரினா பே தடம் ஆண்டுக்கொருமுறை எஃப்1காரர்களுக்கு. உங்களுக்குக் கெண்ட் ரிட்ஜில் ஒரு மேடு, அவ்வளவுதானே?

பழையஎஃப்டி2 எழுதியது:

ஒரு காலத்தில் இருந்தது, பிள்ளை. அப்பர் தாம்சன் சாலையின் ஒரு பகுதியும் பழைய அப்பர் தாம்சன் சாலையும் சேர்ந்ததுதான் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் ஓடிய தடம். ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். "டெவில்ஸ் பெண்ட்" என்று பெயர் வைத்த வளைவெல்லாம் உண்டு. வடிகால், விளக்குக் கம்பம், மரம், இவற்றுக்கு நடுவே ஓட்டினார்கள். உயிர்களும் போயின. 1973க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தப் பழைய சாலையின் ஓரத்தில் தாம்சன் இயற்கைப் பூங்கா, சாலை ஒருவழி, குரங்குகளுக்கு முன்னுரிமை. ஞாயிறு காலை நான் போவதுண்டு, குரங்கின் வேகத்தில்.

உண்மையாக ஓட்ட வேண்டுமென்றால் மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடம். 5.543 கிலோமீட்டர், பதினைந்து வளைவுகள், 1999ல் திறந்தது. அதிகாலை துவாஸ் இரண்டாம் பாலம் வழியே கிளம்பினால் முற்பகலுக்குள் தடத்தில் இருக்கலாம். டாங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மலேசிய நுழைவு அனுமதிக்குப் பதிந்து கருவி ஒட்டியிருக்க வேண்டும். அங்கே ஆக்டேன் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக்கூடாது. அது அவர்கள் மக்களுக்கான மானியம். இந்த எஞ்சின்களுக்கு எப்படியும் அதைவிட உயர்ந்த பெட்ரோல்தான் ஏற்றது, அதனால் சபலத்துக்கே இடமில்லை.

தம்பிமார்களுக்கு ஒன்று: சாதாரணக் காப்புறுதி தடத்தில் செல்லாது. கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். இரண்டின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து கூர்மையான வளைவுக்குப் பிரேக் பிடிக்க வேண்டும். முதல் சில சுற்றுகள் எல்லாக் காரும் சிங்கம்தான். பிறகு நம் ஊர் வெப்பம் வேலையைக் காட்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது; டர்போ அதை அழுத்தும்போது இன்னும் சூடேறும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் திணறத் தொடங்கியதும் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஒருமுறை யாரிஸ் ஒன்று என் முன்னால் சென்றது. வளைவுகளில் அதை எட்டவே முடியவில்லை, ஈரத்தடம் வேறு. வெயில் வந்து தடம் காய்ந்த பிறகு நேர்ப்பாதைகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக என் பம்பருக்கு அருகில் வந்தது. என் கிழவிக்கு டர்போவும் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை.

மூன்றாம்கியர் எழுதியது:

"ஈரத்தடத்தில் எட்டவே முடியவில்லை". அண்ணே, இந்த வரியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை, எங்கே ஓட்டுகிறேன் என்று கேட்டீர்கள். நவம்பரில் மாலை மழை கொட்டி ஓய்ந்ததும் சிலேத்தார் விரைவுச்சாலையிலிருந்து பிரியும் இணைப்புச் சாலையில் வாருங்கள். தண்ணீர் இன்னும் வடிந்திருக்காது. முன்னால் போகும் கார்கள் எல்லாம் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் போகும். இதில் ஸ்டீயரிங் வழியாகவே எந்தச் சக்கரம் தண்ணீரில் இருக்கிறது, எது தாரில் இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது. அதுவும் அறுபதுக்குக் கீழே. இதற்குத் தடம் தேவையில்லை, மழை போதும். நமக்கு மழைக்கா பஞ்சம்?

குறை ஒன்று நானும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஒலியில் ஒரு பங்கை ஒலிபெருக்கி வழியாகச் செயற்கையாகக் கலந்து அனுப்புகிறார்கள். இவ்வளவு நேர்மையான காரில் இந்தப் பொய் எதற்கு என்று புரியவில்லை. மூன்று சிலிண்டரின் சொந்தக் குரல் கரகரப்பானது, அதுவே நன்றாக இருக்கிறது.

செங்காங் ரேவதி எழுதியது:

செயற்கை ஒலி பிடிக்காதென்றால் ஹூண்டாயின் 'ஐயோனிக் 5-என்' காரின் பக்கம் போய்விடாதீர்கள். மின்சாரக் கார், உச்சத்தில் 650 குதிரைத்திறன், இல்லாத கியரை மாற்றுவதுபோல் உலுக்கி, இல்லாத எஞ்சின்போல் உறுமுகிறது. ஓட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டேதான் இறங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எடை இரண்டு டன்னுக்கு மேல். வளைவில் அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டாலும் அந்த எடையை வயிற்றில் உணர்கிறோம்.

2030 முதல் புதிதாகப் பதியும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது அரசின் முடிவு. ஹைபிரிட் வரலாம், மின்சாரம் வரலாம். வெறும் பெட்ரோல் எஞ்சினோடு இப்படி ஒன்றைப் புதிதாகப் பதிவதற்கு அதிக நாள் இல்லை.

மூன்றுஏ தம்பி எழுதியது:

அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் வணக்கம். தேசிய சேவையில் இருக்கிறேன், முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். என்னிடம் 3ஏ உரிமம், தானியங்கி மட்டும். அப்பா அப்போதே "கியர் வண்டி படி" என்றார், நேரம் மிச்சம் என்று நான் கேட்கவில்லை. இப்போது வேலைக்குப் போய்ச் சேமித்து, சில ஆண்டுகள் கழித்துப் பழைய ஜிஆர் யாரிஸ் ஒன்று வாங்கலாமா என்று ஆசை. ஜப்பானிலிருந்து வந்த பட்டியல் ஒன்றில் மற்றவற்றைவிட மிகக் குறைந்த விலையில் ஒன்று பார்த்தேன், தானியங்கி, 1.5 லிட்டர், ஆர்எஸ் என்று போட்டிருந்தது. இது என்ன கணக்கு? சிசியும் குறைவாக இருப்பதால் ஏ பிரிவிலும் வருமே?

காக்கிபுக்கிட் பட்டறை எழுதியது:

தம்பி, கண்ணை ஏமாற்றும் வண்டி அது. உடல் அதே உடல், கூரை அதே கூரை. உள்ளே டர்போ இல்லாத 1.5 லிட்டர், 120 குதிரைத்திறன், சிவிடி என்னும் தானியங்கிக் கியர்பெட்டி, இழுப்பது முன்சக்கரம் மட்டும். 97 கிலோவாட்டுக்குள் அடங்கும் என்பது உண்மைதான். புலித்தோலுக்கு ஏ பிரிவுச் சலுகை. அழகுக்காக வேண்டுமென்றால் குறை சொல்ல மாட்டேன். இந்த இழையில் பேசிய எதுவும் அதில் கிடையாது.

3ஏ வைத்திருப்பவர் கியர் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் வகுப்பு 3க்கான ஓட்டுத் தேர்வில் தேற வேண்டும். அல்லது ரேவதி அக்கா வைத்திருப்பது போன்ற தானியங்கி பழைய சந்தைக்கு வரும்வரை காத்திருங்கள்.

பார்க்கப் போகும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் எந்த வகை என்று பாருங்கள். முன்பின் இரண்டு அச்சிலும், சக்கரம் வழுக்கி விசை வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் டார்சன் டிஃபெரன்ஷியல் உள்ளதா, இல்லாததா. விலையில் அது தெரிய வேண்டும். நான்கு டயரும் ஒரே மாதிரி, ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்க வேண்டும். முன்பின் சுற்றளவு வேறுபட்டால் அந்தப் பின்கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடாகும், அதன் விலை சில்லறை அன்று. பின்டிஃபெரன்ஷியல் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் மாற்ற வேண்டியதில்லை" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பிரேக் தட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், உயர்ந்து நின்றால் தேய்ந்துவிட்டது. மூன்றாண்டு கடந்த வண்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும், அந்தத் தாளைக் கேளுங்கள். சிஓஇ எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைக் கணக்குப்பிள்ளை அண்ணனிடம் காட்டுங்கள், திட்டிக்கொண்டே சரியாகக் கணக்குப் போட்டுத் தருவார்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய் நின்றதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, கணக்குப் போட்டுத் தருகிறேன், திட்டு இலவசம். ஆனால் வகுப்பு 3 தேர்வை இப்போதே முடித்துவிடு. அதற்கு மட்டும்தான் இந்த இழையில் யாரும் ஏலம் கேட்கவில்லை.